வரிசை எண் தருவதற்கு முன் நோயாளியைச் செவிலியர் பார்க்க வேண்டும்

அனுப்புநர்
சுவார்த்தினி,
க/பெ பர்ஜோனோ,
சந்தைப் பின்தெரு, ரெஜோவாரு கிராமம்,
மத்திய ஜாவா.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
மாவட்டச் சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் எண் இல்லாத நோயாளியைச் செவிலியர் தொடக் கூடாது என்ற உத்தரவை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் சோயாவைப் புளிக்கவைத்து டெம்பே செய்து காலைச் சந்தையில் விற்பவர். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை சந்தையிலிருந்து வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் எது வந்தாலும் காற்றுப் பிடித்ததாகத்தான் சொல்வோம். தைலம் தடவி, காற்று இறங்க நாணயத்தால் முதுகைச் சுரண்டினேன். வரி வரியாகச் சிவந்தது. "பாத்தியா, உள்ள எவ்வளவு காத்து!" என்று அவர் சந்தோஷப்பட்டார். வலி மட்டும் நிற்கவில்லை.

2. சுகாதார நிலையத்தின் பதிவு மேசையில் "என்ன பண்ணுது?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்லீங்க, காத்துதான்" என்று சிரித்தார். யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டார். அந்தக் குணத்தை நான் இங்கே பாராட்டவில்லை. அவர் சொன்னதையே பதிந்து, பொது வரிசையில் எண் கொடுத்தார்கள். அங்கேயும் ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுத்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. கை சில்லென்று இருந்தது. மேசைக்குத் திரும்ப ஓடினேன். "நம்பர் வந்தா கூப்பிடுவாங்கம்மா, போய் உக்காருங்க" என்றார்கள்.

3. அப்போது தடுப்பூசிப் பெட்டியுடன் அவ்வழியே போன செவிலியர் கினாந்தி, இவர் முகத்தைப் பார்த்து நின்றார். "எங்க வலிக்குது? ஒரு விரல வச்சுக் காட்டுங்க" என்றார். இவரால் விரலால் காட்ட முடியவில்லை. உள்ளங்கையை முழுசாக நெஞ்சில் வைத்தார். இடது கை கனக்கிறதா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். "இது காத்து இல்லைங்கய்யா. எந்திரிக்காதீங்க" என்று சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிப் போனார். நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, இசிஜி எடுத்து, மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இதயக் குழாயில் அடைப்பு. இனி வலி வந்தால் முதலில் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போங்கள் என்று பெரிய மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள்.

4. வரிசையை உடைத்ததாக யாரோ புகார் செய்ய, கினாந்தி கண்டிக்கப்பட்டார். மேற்படி உத்தரவும் சுவரில் ஒட்டப்பட்டது.

5. சென்ற வியாழக்கிழமை மறுபடியும் வலி. இதய நோயாளி என்று நானே சொன்னேன். "அத டாக்டர்தான் சொல்லணும். நம்பர் எடுத்துக்குங்க" என்றார்கள். கினாந்தி வந்தார், இவரைப் பார்த்தார், நின்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வேலை போய்விடும் என்ற பயம் யாருக்குத்தான் இருக்காது? பெரிய மருத்துவமனையில் கொடுத்திருந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்ததால் அன்று வலி அடங்கியது. அடங்காமல் போயிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இந்த மனுவால் அங்கே எங்களைக் கண்டாலே முகம் சுளிப்பார்களோ என்றும் பயம். வேறு சுகாதார நிலையம் எங்களுக்கு இல்லை.

6. ஆகவே, எண் தருவதற்கு முன் ஒவ்வொருவரையும் ஒரு செவிலியர் முகம் பார்த்து, நாடி தொட்டு, இரண்டு கேள்வி கேட்டு அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை நோயாளியிடமே விட வேண்டாம்.

7. என் கணவர் இப்போது, "இனிமே வலிச்சாலும் உங்கிட்ட சொல்ல மாட்டேன். பெஞ்சுல உக்காந்து சாகறதுக்கு இங்கயே இருந்துக்கறேன்" என்கிறார். சொன்னால் சொன்னபடி செய்பவர். அதனால் சோயா மூட்டையை அவர் நகர்த்தும்போதும், சாப்பிடும்போதும், தூங்கும்போதும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஐயா, அந்த முகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவரைப் பார்க்க விடுங்கள்.

இடம்: ரெஜோவாரு
நாள்: 14 ஆகஸ்ட் 2023

பயத்துடனும் பணிவுடனும்,
(ஒப்பம்) சுவார்த்தினி