ஊசி சிக்கும் பாட்டு

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 1975

அன்புள்ள அத்தானுக்கு,

கப்பலிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. எப்போது வருவீர்கள் என்று அதில் இல்லை. நீங்கள் உயிராய் நினைக்கும் அந்த இங்கிலாந்து இசைக்குழுவின் பாட்டுகளைத் தரவரிசைப்படி அடுக்கிவிட்டு, என் வரிசையையும் கேட்டிருந்தீர்கள்.

கால் மணி நேரம் ஓடும் உங்கள் முதல் பாட்டு எனக்குக் கடைசி. பாடகன் வாயைத் திறப்பதற்குள் சோறு குழைந்துவிடுகிறது. புல்லாங்குழல் பாட்டு இரண்டாவது. அது ஓடும்போதுதான் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பீர்கள். கப்பல் சங்கு போல முழங்கும் பாட்டை நான் வைப்பதே இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக வாசலுக்குப் போய்விடுகிறது.

முதலிடம், இசைத்தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று நீங்கள் ஒதுக்கிய பாட்டுக்கு. அவன் "வாட்டர்" என்று தொடங்கும் இடத்தில் ஊசி சிக்கி, "வா, வா, வா" என்றே நிற்கும். நீங்கள் ஓடிவந்து ஊசியைத் தூக்கிவிடுவீர்கள்.

நேற்றும் சிக்கியது.

"ஏளா, அந்த வெள்ளக்காரன் யாரப் போட்டு இப்படிக் கூப்பிடுதான்?" என்று அடுக்களையிலிருந்து அத்தை கேட்டார்கள்.

"ஒங்க மவனத்தான், அத்தை" என்றேன்.

ஊசியை நான் தூக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி