பன்றிக்குத் தனி அறை

வியாழன் இரவு

கம்பெனிக்கு என் உயிரைவிடப் பன்றியின் உயிர் பெரிது. உறுப்பு மாற்று ஆராய்ச்சிக்காக, நோய் எதிர்ப்பு அணுக்களை அழிக்கும் மருந்தை இன்று ஒரு பன்றிக்குப் போட்டார்கள். அது துள்ளியதில், பிடித்திருந்த என் கையில் ஊசி ஏறிவிட்டது.

"மருந்து பன்னிக்கு முழுசா எறங்கிச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"சார், என் கையில ஏறிடுச்சு."

"போயி சோப்பு போட்டுக் கழுவு. பேஜாரு பண்ணாத."

பன்றியைச் சுத்தமான காற்று வரும் தனி அறைக்கு மாற்றினார்கள். இருமுகிறவன் யாரும் அங்கே நுழையக்கூடாது. என்னை ஊத்துக்கோட்டை பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரர் வழியெல்லாம் இருமினார். நான் முகத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தேன்.

வீட்டில் அக்கா மகளுக்குச் சளி. "மாமா, தூக்கு" என்று வந்தவளை விரட்டினேன். அழுதாள்.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். எடுத்தார்.

"எனக்கு இன்னா ஆவும்? சொல்லுங்க சார்."

"இருமல் வந்தா பன்னி ரூம் பக்கம் வராத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.