படகில் ஓட்டை போடுகிறவன்

20.1.88, புதன்

பனி. ஒன்பது மணி வரை உப்பளம் கண்ணில் படவில்லை. டிராக்டரில் படகு வந்து சேர்ந்தது. அலுமினியம், பதினாறு அடி, ஏலத்தில் எடுத்தது. எப்போதோ வெள்ளத்தில் ஜனங்களை ஏற்றிய படகாம். அப்புறம் யாரும் சீண்டவில்லை. மேலே பச்சைப் பெயிண்ட், அதற்கடியில் சாம்பல், அதற்கும் அடியில் சிவப்பு. இத்தனை பெயிண்ட் எதை மறைக்க? விற்றவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜாபர் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்குது மச்சான்" என்றான். என் மனைவி நூர்ஜஹானின் தம்பி. இந்த வேலையில் என் கூட்டாளி. அவனுக்கு எதைப் பார்த்தாலும் சூப்பர்தான்.

திட்டம்: கால்வாய்க்கு அந்தப் பக்கத்து உப்பளத்துக்குக் காலையில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவது, மத்தியானம் கூட்டிவருவது. மேஸ்திரி கோவிந்தன் வாய்வார்த்தை கொடுத்திருக்கிறார். ஒருவன் மோட்டார், ஒருவன் கழி. இரண்டு பேர் இல்லாமல் ஓட்ட முடியாது. நடந்தால் நான் ஷார்ஜா திரும்ப வேண்டாம். நடக்காவிட்டால் ஏப்ரலில் விசா. ஏழு வருஷம் போதும். லீவில் வந்தபோதெல்லாம் விருந்தாளி. இப்போதும் நான் கதவைத் தட்டினால் நூர் உள்ளேயிருந்து "யாரு?" என்கிறாள்.

24.1, ஞாயிறு

பெயிண்ட் உரிப்பு. இரண்டு கையிலும் தோல் போச்சு.

வாங்க: உப்புத்தாள் 80, 220, 400. மண்ணெண்ணெய். கந்தல் துணி. தேங்காய் நார். (இரும்பு பிரஷ் கூடாது.) நூருக்குத் தலைவலித் தைலம்.

ஜாபர் ஒரு பொட்டலம் பித்தளைத் திருகாணி வாங்கி வந்தான். "துருவே புடிக்காது மச்சான், தங்கமாட்டம் இருக்குது." கத்திவிட்டேன். ஷார்ஜா படகுப் பட்டறையில் முதல் நாளே ஃபோர்மேன் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அலுமினியத்தை வேறு உலோகம் தொடவே கூடாது, பித்தளையும் செம்பும் ரொம்ப மோசம். உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்று தீர்த்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் நடுவில் ரப்பர் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விளக்கினேன். வாயைத் திறந்துகொண்டு கேட்டான்.

கேட்டானா, கேட்பதுபோல் இருந்தானா? இவ்வளவு கடையில் ஸ்டீல் திருகாணி கிடைக்காமலா பித்தளை வாங்கினான்? எழுதி வைக்கிறேன்.

4.2, வியாழன்

பத்து நாளாகத் தேய்ப்பு. 80-ல் ஒரு தடவை, 220-ல் ஒரு தடவை, 400-ஐத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவை. கடைசியில் மண்ணெண்ணெய்த் துணியும் மெழுகும். கரண்ட் இருந்தால் டிரில்லில் பஞ்சுச் சக்கரம். கரண்ட் எங்கே இருக்கிறது?

ஆனால் படகு கண்ணாடி ஆகிவிட்டது. என் மூக்கு எனக்கே தெரிகிறது. உப்பளத்துக்குப் போகிற பெண்கள் நின்று அதில் முகம் பார்க்கிறார்கள். "ஏன்டி, பொட்டு கோணலா இருக்குதா?" சந்தோஷமாக இருந்தது. சொல்லிக்கொள்ளத்தான் கூச்சம்.

சாயங்காலம் தேசிங்கு வந்தான். எக்கியார்குப்பத்துக்காரன். இத்தனை வருஷமாக மரப்படகில் ஆட்களை ஏற்றுகிறவன். என் படகு ஓடினால் அவன் பாடு திண்டாட்டம். ஒரு சுற்று சுற்றினான். விரலால் தடவினான். "கண்ணு பட்டுடப் போவுது பாய்" என்றான். அக்கறையா, சாபமா? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

7.2, ஞாயிறு

திண்டிவனம் போய் வந்தேன். பெருமுக்கல் தாண்டியதும் பஸ் பஞ்சர், ஒரு மணி நேரம் வெயிலில். கண்ணேறுக்கு ஓதித் தருகிற ஹஜ்ரத்தைப் பார்த்துத் தேசிங்கு சொன்னதைச் சொன்னேன். ஓதி, கட்டம் கட்டமாக எண் பொறித்த தகடு ஒன்று கொடுத்தார். உள்ளங்கை அகலம்.

"தண்ணி படுற எடத்துல வைங்க. கை கால் கழுவி உளூ செய்யாம யாரும் தொடக்கூடாது."

முன் பலகைக்கு அடியில், படகின் நடுச்சட்டத்தின் மேல் வைத்து நான்கு ஸ்டீல் திருகாணி போட்டு இறுக்கினேன். இரண்டு ஓரமும் படகின் அடித்தகட்டோடு ஒட்டி உட்கார்ந்தது. அசையவே இல்லை. ஜாபர் குனிந்து பார்த்து, "மச்சான், அது வந்து..." என்று இழுத்தான்.

"ஈமான் இல்லாதவன் வாய மூடு. யாராவது இதுல கை வெச்சீங்க, கைய ஒடச்சிடுவேன்."

மூடிக்கொண்டான். எனக்கு இன்றுதான் தூக்கம் வரும்.

12.2, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு படகைத் தண்ணீரில் இறக்கினோம். உப்பளத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலில் கட்டியிருக்கிறோம். அங்கே தண்ணீர் நாக்கில் வைக்க முடியாத கரிப்பு. பழைய ரிவெட்டு நாலைந்து கசிகிறது, அடியில் எப்போதும் ஓர் அங்குலம் தண்ணீர். அது பரவாயில்லை. மேஸ்திரி சுற்றிப் பார்த்தார். "மார்ச் கடைசில ஆளு ஏத்திக்கலாம் பாய்." நூர் கரையில் நின்று பார்த்தாள். ஏற மாட்டேன் என்றாள். பிறகு ஏறினாள். கால்வாய் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பட்டப்பகலில், ஜாபர் இருக்கும்போதே.

4.3, வெள்ளி

காற்று தெற்கே திரும்பிவிட்டது. காலையில் போனால் படகுக்குள் கணுக்கால் தண்ணீர். இறைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்று ஓட்டை. பென்சில் முனை அளவு. ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பவுடர்.

எல்லாம் தகட்டின் ஓரத்தில். வேறெங்கும் இல்லை. ஓதிக் கொடுத்த தகட்டின் பக்கத்திலேயே ஆணி வைத்து அடிக்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்!

யார்?
தே.: காரணம் இருக்கிறது. படகு கட்டும் இடம் தெரியும்.
மேஸ்திரி: காரணம் இல்லை. ஆனால் தேசிங்கு படகில்தான் இத்தனை நாள் போகிறார்.
ஜா.: காரணம் தெரியவில்லை. ஆனால் மத்தியானத்தில் படகோடு தனியாக இருப்பவன் அவன் ஒருவன்தான்.

ஒட்டுப்போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யார் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

8.3, செவ்வாய்

யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நன்றாக நடிக்கிறார்கள். தேசிங்கு டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பெண் பத்தாவது படிப்பதைப் பற்றியே பேசினான்.

நூர்: "என்னங்க, சோத்தக் கூட மோந்து பாத்துட்டுத் திங்கிறீங்க." மோந்து பார்க்கவில்லை. மீன் சூடா என்று பார்த்தேன்.

12.3, சனி

பிடித்துவிட்டேன்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். ஜாபர் முன் பலகைக்கு அடியில் குந்தியிருந்தான். கையில் திருப்புளி. தகட்டின் இடது பக்கத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எதையோ கைலிக்குள் செருகிக்கொண்டான்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்ல மச்சான். திருகாணி லூசா இருக்குதான்னு பாத்தேன்."

"உளூ செஞ்சியா?"

"செஞ்சேன்."

கால் ஈரமாகத்தான் இருந்தது. படகில் நின்றால் யார் கால்தான் ஈரமாகாது? எழுந்து போனான். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கையும் களவுமாகப் பிடித்தவனிடம் என்ன கேட்க?

14.3, திங்கள்

புதிதாக இரண்டு ஓட்டை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நூரிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அவனுக்கு என்ன லாபம்?" என்றாள். யோசித்து வைத்திருந்தேன். நான் ஷார்ஜா போய்விட்டால் படகு அவனுக்கு. ஓட்டையை அடைத்துக்கொண்டு அவனே ஓட்டுவான். நூர் என்னையே பார்த்தாள். "ஏழு வருசம் இந்த வூட்டுக்கு அரிசி மூட்ட சொமந்தவன் அவன்" என்றாள். தம்பிக்குத்தான் பரிந்து பேசுவாள், தெரிந்ததுதானே.

18.3, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். படகில் ஓட்டை விழுகிறது, ஜாபரைத் திருப்புளியோடு பார்த்தேன், ஓட்டை போடவில்லை என்று அல்லாஹ்வின் வீட்டில் சத்தியம் செய்யட்டும் என்றேன்.

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி, "வூட்டு விசயத்த இங்க ஏம்பா கொண்டாந்தே?" என்றார். சிலர் எழுந்து போகாமல் நின்று பார்த்தார்கள்.

ஜாபர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். "அல்லா மேல சத்தியமா நான் ஓட்ட போடல." ஒரே வார்த்தை. என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

பொய்ச் சத்தியம் செய்கிறவன் இவ்வளவு நிதானமாகவா செய்வான்? செய்வான். அப்படிப்பட்டவன்தான் செய்வான்.

சாயங்காலம் நூர் அவன் வீட்டுக்குப் போய் வந்தாள். "இனிமே நம்ம வாசப்படி மிதிக்கமாட்டானாம்." பாயை வேறு அறையில் போட்டுக்கொண்டாள்.

22.3, செவ்வாய்

ஜாபர் வரவில்லை. தனியாக ஓட்டிப் பார்த்தேன். மோட்டாரைப் பிடித்தால் கழி இல்லை, கழியைப் பிடித்தால் மோட்டார் இல்லை. சேற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தேசிங்குதான் வந்து தள்ளிவிட்டான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நிம்மதி.

அவனையும் நாலு நாளாக ஒளிந்திருந்து பார்த்துவிட்டேன். என் படகுப் பக்கமே அவன் வருவதில்லை.

மேஸ்திரி: "ஓட்டப் படகுல பொம்பளைங்கள எப்பிடி பாய் ஏத்துறது? வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி தேசிங்கு படகுதான்."

ஷார்ஜாவிலிருந்து கடிதம். பாஸ்போர்ட் நகல் கேட்டிருக்கிறார்கள். பதில் போடவில்லை.

23.3, புதன்

வெயில். மேஸ்திரியின் ஆட்களை வைத்துப் படகைக் கரையேற்றிக் கவிழ்த்தேன். பெரிய ஒட்டாகப் போட வேண்டும், அது தகட்டின் அடிவரை வருகிறது. மறுபடி நிமிர்த்தி, உளூ செய்து, பிஸ்மில்லாஹ் சொல்லித் தகட்டைக் கழற்றினேன்.

அடியில் வலது பக்கம் முழுக்க வெள்ளைப் புண். நகத்தால் சுரண்டினால் அலுமினியம் மாவாக வருகிறது. ஆணி இல்லை, டிரில் இல்லை, யாரும் இல்லை. தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். செம்பு. அது செம்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பித்தளைத் திருகாணிக்காக ஒருவனிடம் கத்திய அதே வாயால்தான் அதற்கு பிஸ்மில்லாஹ் சொன்னேன். என் கண்ணுக்கு அது உலோகமாகவே படவில்லை. காவலாகத்தான் பட்டது.

ஹஜ்ரத் மேல் தப்பில்லை. அவர் எந்தப் படகு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன். இடது பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்து இரண்டு திருகாணிக்கும் கீழே சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிக் கொடுத்திருந்தது. தகட்டுக்கும் படகுக்கும் நடுவே டியூப் ரப்பர் ஒரு துண்டு, ஓரம் பிசிறாமல் கத்தரித்தது. அதன் அடியில் பழைய வெள்ளையைச் சுரண்டித் துடைத்திருந்தது, புதிதாக ஒரு பொட்டு மாவுகூட இல்லை.

வலது பக்கம் செய்வதற்குள் நான் வந்துவிட்டேன்.

படகிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது, போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

24.3, வியாழன்

நூரிடம் ரப்பரைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தாள். "அவன் சைக்கிள் டியூபு" என்றாள். நான்கு மாதமாகப் பஞ்சராகிக் கிடக்கும் சைக்கிளாம். அழுதாள். நானும்.

"நேரா அவன் வூட்டுக்குப் போங்க."

"இல்ல. எங்க கேட்டேனோ அங்கதான் சொல்லணும்."

25.3, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்தேன். ஓட்டை போட்டது நான்தான், என் மச்சான் அதை அடைக்கப் பார்த்தான், நான் அவனைத் திருடனாக்கினேன் என்றேன். தகட்டையும் ரப்பரையும் காட்டினேன். பின் வரிசையில் ஒருவர், "அல்லா!" என்றார்.

ஜாபர் மூன்றாவது வரிசை. தலையைக் குனிந்தபடியே கேட்டான். கூட்டம் கலைந்தபோது காணோம்.

மேஸ்திரியிடம் போய்க் கெஞ்சி இரண்டு நாள் வாங்கினேன்.

26.3, சனி

காற்று இல்லை. ஏழு மணிக்கே உப்பளம் கண் கூசுகிறது. ஒட்டுத் தகட்டை வைத்து ரிவெட்டு அடிக்க முயன்றேன். உள்ளே ஒருவன் தாங்க வேண்டும், வெளியே ஒருவன் அடிக்க வேண்டும். தனியாக இரண்டு ரிவெட்டு, இரண்டும் கோணல்.

எட்டரைக்கு ஜாபர் வந்தான். சலாம் சொன்னேன், பதில் சொன்னான். சட்டையைக் கழற்றிச் சவுக்குக் கிளையில் மாட்டிவிட்டு, படகின் அடிக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தான். எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு? 'இவ்வளவு சுலபமாக வந்துவிட்டானே, என்ன எதிர்பார்க்கிறான்?' என்றுதான் தோன்றியது. தூ.

பதினோரு ரிவெட்டு. நூர் தூக்கில் டீ கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டு டீ. அவன் தொடவில்லை, பானைத் தண்ணீர் குடித்தான்.

கடைசி ரிவெட்டுக்கு முன் கேட்டுவிட்டேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஜாபர்? பள்ளிவாசல்லயாவது சொல்லியிருக்கலாமே?"

படகுக்கு அந்தப் பக்கம் இருந்தான், முகம் தெரியவில்லை.

"நீங்க சத்தியந்தான் கேட்டீங்க மச்சான். என்ன பண்ணேன்னு கேக்கவே இல்லியே."

பிறகு, "புடிச்சிக்குங்க" என்றான். பிடித்துக்கொண்டேன். அடித்தான்.