விஷயம் இருந்தா மட்டும் சொல்லு

கீரைக்காரி செல்வி காலையில் கொடுத்துவிட்டுப் போன சிறுகீரைக் கட்டின் மண்வாடை இன்னும் அடுப்படியில் நிற்கிறது. ஒரு கட்டை ஆய்ந்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இன்று பாதியிலேயே பொறுமை போய், தண்டும் இலையுமாக அப்படியே சட்டியில் போட்டுவிட்டேன். பல்லில் நார் சிக்கியது. இந்தக் கீரையைத் தினமும் வாங்கி, தினமும் ஆய்ந்து, அதற்காக அல்லாவுக்கு நன்றியும் சொல்ல உன்னால் எப்படித்தான் முடிந்ததோ.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்பது எழுதி முடித்தால் ஒருவேளை தெரியலாம்.

லப்பைக்குடிகாட்டில் நீ இருபத்திரண்டு வருஷம் தனியாகப் பார்த்துக்கொண்ட வீட்டில் எட்டு மாதமாக நான் இருக்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். அது எப்போது வருகிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. நான் தொழுதுவிட்டு வருவதற்குள் வந்து நின்றுவிடுகிறது. சோறு குழைந்துபோகிறது, இல்லாவிட்டால் அடிப்பிடிக்கிறது. துவைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுக்க மறந்துவிடுகிறேன், மழை மறப்பதில்லை. குவைத்தில் எத்தனையோ மாடிகளில் ஏறி ஏ.சி. மிஷின்களைப் பிரித்து மாட்டியவன், இங்கே ஒரு குக்கர் மூடியிடம் தோற்று நிற்கிறேன்.

அங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை விடும்போது இங்கே மணி மூன்றாகியிருக்கும். லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டு நீ போன் போடுவாய். எடுத்தவுடன் எங்காவது ஆரம்பிப்பாய். கருவேப்பிலை துளிர்த்தது, பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய குழம்பு, மகள் குர்ஆன் ஓதும்போது தூங்கி விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அல்ஹம்துலில்லாஹ். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே "ம்" போடுவேன்.

அந்த மதியம் உனக்கும் நினைவிருந்திருக்கும். அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் கேட்ட லீவு இல்லை என்று போர்மேன் சொல்லியிருந்தான். மொட்டை மாடியில் நாலு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தேன். உன் போன் வந்தது.

"மச்சான், வெள்ளாத்துல தண்ணி வந்துருக்கு. புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயி கால நனைச்சிட்டு வந்தேன். முட்டிக்காலு வரைக்குந்தான் இருக்கு. ஆனா என்னா குளுர்ச்சிங்கிறீங்க, அல்ஹம்துலில்லாஹ்."

"விஷயம் இருந்தா மட்டும் சொல்லு," என்றேன். "நான் இங்க வெயில்ல வெந்துகிட்டு கெடக்குறேன். ஆத்துத் தண்ணிக் கதையெல்லாம் எனக்கு எதுக்கு?"

"சரி மச்சான்," என்றாய்.

அன்றிலிருந்து விஷயம் மட்டும்தான் சொன்னாய். கேஸ் வந்துவிட்டது. மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மேல் அறையில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது. நாலு நிமிஷத்தில் போன் முடிந்துவிடும். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அறையில் இருந்தவர்களிடம், "நம்ம வூட்டுல அளந்துதான் பேசும்," என்று பெருமையடித்துக்கொண்டேன். அதை எழுதும்போது கை கூசுகிறது.

நீ போய் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். மையவாடியில் உன்னை அடக்கிய ஈரம் காயாத மண்ணைத்தான் காட்டினார்கள். குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு ஒருநாள் காலையில் செல்வி வாசலில் மொபெட்டை நிறுத்தினாள். கீரை வேண்டாம் என்றேன். அவள் போகவில்லை.

"அக்கா தெனம் வாங்குவாங்க பாய். வாங்கிட்டு ஒக்கார வச்சிப் பேசுவாங்க. யாவாரத்துக்கு நேரமாவுதுக்கான்னு நான்தான் எழுந்திரிப்பேன்."

"என்ன பேசுவா?"

"அதெல்லாம் என்னன்னு சொல்றதுங்க. வெயிலு, காத்து, கருவேப்பில. புதுச் செருப்பு கடிக்கலன்னா அதுக்கும் ஒரு நன்றி சொல்லுவாங்க. எனக்குச் சிரிப்பா வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக என் காதுக்கு வரவேண்டியதெல்லாம் இந்தப் பெண்ணின் காதுக்குப் போயிருக்கிறது. இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று நச்சரித்தேன். அவளுக்கும் அலுத்துவிட்டது. "அக்கா சொன்னா நல்லாருக்கும் பாய். நான் சொன்னா அதுல என்ன இருக்கு?" என்றாள். பிறகு கீரைக் கட்டுகளை அடுக்கியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"படியேறினா நெஞ்ச அடைக்குதுன்னாங்க. ரெண்டு மூணு தடவ சொன்னாங்க. பாய்கிட்ட சொல்லுங்கக்கான்னேன். அவரு வேல நேரத்துல இதெல்லாம் ஒரு விஷயமான்னுட்டாங்க."

கோபம் யார் மேல் என்று தெரியவில்லை என்றேனே. உன் மேலும்தான். கேஸ் வந்தது விஷயம், மேல் அறை ஒழுகியது விஷயம், உன் நெஞ்சு அடைத்தது மட்டும் விஷயம் இல்லையா? நான் ஒரு வெயிலில் எரிந்து விழுந்ததை நீ ஏன் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டாய்? ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? கேட்டுவிட்டேன். பதில் எனக்கே தெரியும். அந்தப் பேச்சைப் பேசியது நான்.

அஸர் தொழுத பிறகு பாயில் உட்கார்ந்தபடியே நீ அன்றைய நாளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி நன்றி செலுத்துவாயாம். அதையும் செல்விதான் சொன்னாள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். கையை ஏந்தினால் போட மறந்த தண்ணீர் மோட்டார்தான் ஞாபகம் வருகிறது, பால் திரிந்தது வருகிறது, ஜன்னலில் அடித்துக்கொள்ளும் கதவு வருகிறது. நாக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறது. மனசு முறைத்துக்கொண்டு நிற்கிறது. உனக்கு அது சுலபமாக வந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒத்தையாளாக ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு, வராத மனுஷனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு அது சுலபமாகவா வந்திருக்கும்?

நேற்று திருச்சியிலிருந்து மகள் பேசினாள். மாப்பிள்ளை வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறாள் என்று போனை எடுத்தேன்.

"அத்தா, எங்க மாடிப்படிக்குக் கீழ பூனை குட்டி போட்டுருக்கு. நாலு குட்டி."

'வேலை என்னாச்சு?' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"என்ன நெறம்?" என்று கேட்டேன்.

"அத்தா, உடம்பு நல்லாருக்குல்ல?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. சொல்லு."

முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பிறகு நிறுத்தவே இல்லை. தாய்ப்பூனை யாரைப் பார்த்தாலும் சீறுகிறதாம். இவள் பால் வைத்தால் மட்டும் பேசாமல் இருக்கிறதாம். கீழ் வீட்டு அம்மா அட்டைப் பெட்டி கொடுத்தார்களாம். அவள் பேச்சில் நடு நடுவே உன் குரல் வந்தது. நடுவில் எனக்கு இரண்டு முறை எரிச்சலும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்டேன்.

உன்னைப் போல நன்றி சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. கேட்பதற்கு மட்டும் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், அதுவும் உனக்கு உதவாத காலத்தில். நாலாவது குட்டி கறுப்பாம். அது மட்டும் இன்னும் கண் திறக்கவில்லையாம். நாளைக்கு நானே போன் போட்டுக் கேட்க வேண்டும்.