சாவி பொருந்தவில்லை

சீரிஸ் குறுங்கோள், விண்தொடர்பு அஞ்சல் நிலையம்
மார்ச் 3, காலை 8:20

பணியில்: ஜெசிந்தா, தொடர்புப் பொறியாளர். வேறு யாரும் இல்லை.

நாங்கள் பேசுவதை எல்லாம் பூட்டி அனுப்புவது ‘அரண்’ என்ற திறமூல நிரலகம். அதில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் பெயரில் யாரோ போலிக் கட்டளை கொடுத்து ஒரு சரக்கு விண்கப்பலைத் திசை திருப்பியிருக்கிறார்கள். புதிய பதிப்பை இன்றே நிறுவ உத்தரவு.

மூலநிரலை இறக்கினேன். முத்திரை சரி. தொகுத்தேன். சோதனைகள் எல்லாம் தேறின. கப்பல்களுக்கும் அனுப்பியாயிற்று; மற்றவை நிறுவிவிட்டன. மிச்சம் ‘நெய்தல்’ மட்டும். ஓராள் கப்பல். ஓட்டுபவன் என் தம்பி ரொசாரியோ.

அவன் பதில்: “யக்கா, பொதி வந்துட்டு. ஏத்திக்கிட்டு இருக்கேன். முடிஞ்சதும் கூப்பிடுதேன்.”

பிற்பகல் 2:45

நெய்தலில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்திருக்கிறது. நிறுவல் பாதியில் அறுந்துவிட்டது. நிரல் புதிது, செய்தியைத் திறக்கும் சாவி பழைய வடிவம். இரண்டும் பொருந்தவில்லை. அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவனிடம் திறக்கவில்லை.

“யக்கா, நீ சொல்லுதது ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு. காத்து சுத்தம் பண்ணுத மிசினும் நின்னுட்டு. கையேட்டுல உள்ளபடி எல்லாம் பண்ணிட்டேன், ஓடல. என்ன செய்யணும்?”

எனக்குத் தெரியும். கையேட்டில் இல்லாத வேலை. பின்பக்க வால்வைக் கையால் திறந்து அழுத்தத்தை வெளியேற்றினால் ஓடும். இங்குள்ள அதே இயந்திரத்தை அப்படித்தான் ஓட்டுகிறேன். சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். எல்லாம் அவன் கப்பலில் பூட்டியபடியே கிடக்கின்றன.

பூட்டாமல் பேசினால் கப்பல் ஏற்காது. மென்பொருள் பொதியை மட்டும் முத்திரை பார்த்து ஏற்கும். முழுப் பொதியையும் மறுபடி அனுப்பினேன். ‘ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது’ என்று தள்ளிவிட்டது.

மாலை 5:10

மூலநிரலைப் படிக்கிறேன். சாவியை மாற்றும் பகுதிக்கு மேலே ஒரு பெயர் இருந்தது: சிவகாமசுந்தரி, கோயம்புத்தூர். சம்பளமில்லாமல் எழுதுகிறவர். அவருக்கு எழுதினேன். பூமியிலிருந்து பதில் வந்தது.

“அந்தப் பகுதிய எழுதுனது நாந்தானுங்க. பாதியில நின்னா என்ன ஆகும்னு நெனச்சே பாக்கலீங்க. சாவிய மட்டும் மாத்துற மாதிரி சின்னப் பொதி ஒண்ணு எழுதறேன். நீங்க சோதிச்சுப் பாருங்க. முடியற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

அவர் மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை.

இரவு 7:30

சின்னப் பொதி வந்தது. சோதனை தோற்றது. திருத்தி அனுப்பியிருக்கிறார். மறுபடி தொகுக்கிறேன்.

தம்பி பேசினான். மூச்சு வாங்குகிறது.

“யக்கா, நீ பேசும்போது இங்க சின்ன வெளக்கு ஒண்ணு எரியுது. நீ என்ன சொல்லுதன்னு தெரியல. ஆனா நீ பேசிக்கிட்டே இருக்கன்னு தெரியுது. நிறுத்திராத, என்ன.”

ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே பேசினேன். வால்வைச் சொன்னேன். அப்புறம் தலைவலி பற்றி, இங்கே சோறு குழைந்துபோனது பற்றி. அப்புறம் வால்வு. செத்துத் தொலையாதலே என்றும் சொல்லிவிட்டேன்.

8:55

சோதனை தேறியது. முத்திரையிட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்து பதில் வர முக்கால் மணி ஆகும்.

அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏழரைக்குப் பிறகு எதுவுமே வந்து சேரவில்லை.

9:40

நெய்தல், தானியங்கிச் செய்தி: “பொதி ஏற்கப்பட்டது. சாவி மாற்றப்பட்டது. நிலுவைச் செய்திகள் திறக்கப்படுகின்றன.”

கோயம்புத்தூருக்குச் சொன்னேன். அந்த அம்மாள் அழுவார். நல்ல செய்தி என்று நினைத்து.

9:46

நெய்தல்: “முதல் செய்தி அறையில் ஒலிபரப்பப்பட்டது. கேட்டதாக யாரும் உறுதி செய்யவில்லை.”

வால்வு பற்றிச் சொன்னது அது.

9:49

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். என் குரல் அந்த அறைக்குள் வரிசையாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பேச்சில் எந்த இடத்துக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்ல முடியும். சொன்னாலும் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் எல்லாம் பேசி முடித்திருப்பேன்.

10:20

நெய்தல்: “எல்லாச் செய்திகளும் ஒலிபரப்பப்பட்டன. அறையில் அசைவில்லை. ஓட்டுநர் பதில் பதிவு செய்யவில்லை. காத்திருக்கவா?”

காத்திரு என்று அனுப்பியிருக்கிறேன். பூட்டித்தான் அனுப்பினேன். திறந்துவிடும்.