ஒரே ஒரு சொட்டு

3 நவம்பர், திங்கள்

மழை விட்டபாடில்லை. காலையிலிருந்து ஒற்றைத் தலைவலி. பக்கத்து வீட்டு ஏஞ்சலின் ஒரு சின்ன பாட்டிலில் பெப்பர்மின்ட் எண்ணெய் கொடுத்தாள். அவசரத்தில் அப்படியே நெற்றியில் தேய்த்துவிட்டேன். தோல் எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. "இன்னாக்கா, சும்மாவே பூசிக்கினியா? ஒரு ஸ்பூன் தேங்காண்ணெயில ரெண்டு சொட்டு போதும். கைய சோப்பு போட்டு கழுவு, கண்ணுல வச்சிராத" என்று திட்டினாள்.

6 நவம்பர், வியாழன்

வெந்நீர்க் கிண்ணத்தில் மூன்று சொட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து இருபது நிமிடம். தலைவலி இறங்கியது.

கொழுந்தன் மனைவி அருணா கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குக் காலை ஷிப்ட் போனால், அவளுடைய எட்டு மாதக் குழந்தை இனியா என்னிடம்தான். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். வேறென்ன எழுத.

11 நவம்பர், செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

இனியாவுக்கு மூக்கடைப்பு. பால் குடிக்க முடியாமல் அழுதாள். எனக்குக் கேட்டது அவளுக்கும் கேட்காதா? ஒரே ஒரு சொட்டுதான், மூக்குக்குக் கீழே தடவினேன். அழுகை சட்டென்று நின்றது. அழுகை மட்டுமில்லை — மூச்சும். உதடு நீலமாகிவிட்டது. நான் கத்திய கத்தலில் ஏஞ்சலின் ஓடி வந்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். ஆட்டோவில் ஏறும்போதுதான் குழந்தை வீரிட்டு அழுதது.

ஆஸ்பத்திரியில், "குழந்தைக்கு எதாவது தடவுனீங்களா?" என்றார் டாக்டரம்மா. கம்பெனி யூனிபார்மோடு அருணா வந்து நிற்கிறாள். இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்னால் இந்தக் குழந்தையை இனி என் மடியில் யார் விடுவார்கள்?

சொல்லிவிட்டேன்.

"சொன்னது நல்லதாப் போச்சும்மா. பெரியவங்களுக்கு ஒத்துக்கிறது கைக்குழந்தைக்கு ஆகாது. முகத்துகிட்டயே கொண்டு போகக் கூடாது. குழந்தை இருக்கிற ரூம்ல இந்த எண்ணெய் ஆவியும் வேணாம்."

அருணா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

12 நவம்பர்

"வேணும்னா செஞ்ச? உடு கல்பனா" என்கிறார் என் வீட்டுக்காரர். எப்படி விடுவது? வேண்டுமென்று செய்யவில்லை என்றால் ஆயிற்றா?

14 நவம்பர், வெள்ளி

இனியாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறாளாம். பக்கத்து அறையில் அவள் சிரிப்பது கேட்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. அருணா லீவு போட்டிருக்கிறாள்.

17 நவம்பர்

எண்ணெய் பாட்டிலை ஏஞ்சலினிடமே கொடுத்துவிட்டேன். தலைவலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும்.

20 நவம்பர், வியாழன்

நான் அரிசி களையும்போது அருணா பின்னால் வந்து நின்றாள். பத்து நாளில் முதல் பேச்சு.

"நீ பொய் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா."

நான் குழாயைத் திறந்து பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தேன்.

"ஆனா கண்ண மூடுனா அந்த ஒதடுதான் வருது. இன்னா பண்ணச் சொல்ற?"

"எனக்கும் அதான் வருது" என்றேன். அவள் குழாயை மூடிவிட்டுப் போனாள். தண்ணீர் வழிவதை நான் கவனிக்கவே இல்லை.

24 நவம்பர், திங்கள்

அருணா வேலைக்குப் போனாள். இனியாவை என் மடியில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஏழு மணிக்கு ஒரு போன். எட்டு மணிக்கு ஒரு போன். ஒன்பதரைக்கு, "தூங்கறாளாக்கா?" என்று இன்னொன்று.

அதற்கப்புறம் ஷிப்ட் முடியும்வரை போன் வரவில்லை.