தம்பி தலையில் ஊற்றிய ஒரு குவளைத் தண்ணீர் குறித்து

அனுப்புநர்:
காசிமிர் டிராஸ்ட், வயது 68,
டிராஸ்ட் சகோதரர்கள் சாசேஜ் கடை,
(தற்சமயம் தங்கியிருப்பது: புனித ஹெட்விக் தேவாலயக் கூடம், மேடைக்குப் பின்புறம்)
ஸ்டெல்டன், ஈரி ஏரிக்கரை, நியூயார்க் மாநிலம்.

பெறுநர்:
திருமதி மார்லீன் ஓபெர்ட் அவர்கள்,
காவல்துறைத் தலைவர்,
ஸ்டெல்டன் நகரக் காவல் நிலையம்.

பொருள்: 'புகைக்கூடம்' என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு ஊரார் என்னைக் கொலைகாரனாக்கியது – தம்பியை விட்டு நூறடி தள்ளியிருக்கும்படி எனக்கு இடப்பட்ட உத்தரவை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நானும் என் தம்பி ஃபீலிக்ஸும் (வயது 64) நாற்பத்தோரு ஆண்டுகளாக ஒரே கடையில் பன்றி இறைச்சியைக் குடலில் அடைத்துச் சாசேஜ் செய்து விற்று வருகிறோம். ஒரே வீட்டில் அவன் கீழ்த்தளத்திலும் நான் மாடியிலும் குடியிருக்கிறோம். இருவருமே மனைவியை இழந்தவர்கள். எங்களுக்குள் இதுவரை நடந்த பெரிய சண்டை, பூண்டு எவ்வளவு போடுவது என்பதைப் பற்றியது. அதற்குக்கூட யாரும் போலீசைக் கூப்பிட்டதில்லை.

2. கடந்த பிப்ரவரி முதல் ஞாயிறுதோறும் மேற்படி தொடர் ஒளிபரப்பாகி வருகிறது. ஏரிக்கரை ஊர் ஒன்றில் வால்டர், ஹென்றி என்று ஓர் அண்ணன் தம்பி. சாசேஜ் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்குப் பின்னால் கடத்தலும் கொலையும் நடக்கின்றன. அண்ணன் வால்டருக்குப் பெரிய மீசை. எனக்கும் அப்போது அப்படியே. என் மீசைக்கு வயது முப்பது, தொடருக்கு வயது இரண்டு மாதம். யாரைப் பார்த்து யார் வைத்தது என்பதைத் தாங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

3. திங்கட்கிழமை காலையானால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாசேஜ் வாங்க வருவதில்லை. திருமதி ஜெனீவ் பியாலெக் (வயது 79) ஆறாம் பகுதி முடிந்த மறுநாள் வரிசையின் முன்னால் நின்று, "ஏன்யா காசிமிர், கூடப் பொறந்தவனக் காட்டிக்குடுக்க உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?" என்று கேட்டார். அது நான் இல்லை, வால்டர் என்றேன். "எவனா இருந்தா என்ன? மூஞ்சிய வச்சிருக்கிறதப் பாரு, ஒண்ணுமே தெரியாத மாதிரி!" என்று சொல்லிவிட்டு இரண்டு பவுண்டு வாங்கிப் போனார். கொலைகாரன் கையால் கட்டிக் கொடுத்ததுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

4. தபால்காரர் வெண்டல் இன்னும் ஒரு படி மேலே போனார். என் தம்பியின் காதில், "உங்க அண்ணன் மிரட்டுறார்னா ரெண்டு தடவ கண்ணச் சிமிட்டுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறார். அப்போது என் தம்பி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எத்தனை முறை சிமிட்டியிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று மதியமே தங்கள் வண்டி வந்து சாசேஜைப் புகையில் தொங்கவிடும் எங்கள் புகைக்கூடத்தைச் சோதனை போட்டது. உள்ளே தொங்கியது அத்தனையும் பன்றி என்று நான் எழுதிக்கொடுத்த பிறகே வண்டி போயிற்று.

5. எனக்கு ஆதரவாளரே இல்லை என்று சொல்ல மாட்டேன். பௌலிங் கூடம் நடத்தும் எட்மண்ட், "நீ செஞ்சதுதான்யா சரி. அந்தத் தம்பிக்காரன் ஓட்டவாய். போட்டுத் தள்ளு!" என்று என் முதுகில் தட்டினார். இப்படிப்பட்ட ஆதரவு எனக்கு வேண்டாம். தொல்லை தாங்காமல் மீசையை எடுத்தேன். "பாத்தீங்களா, அடையாளத்த மாத்திட்டான்!" என்றார்கள். சரி, போங்கடா என்று விட்டுவிட்டேன். தம்பியும் முதலில் என்னோடு சேர்ந்து சிரித்தவன்தான். ஏழாம் பகுதிக்குப் பிறகு அவன் சிரிப்பது குறைந்துபோனதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

6. ஈஸ்டர் ஞாயிறன்று ஒளிபரப்பான ஒன்பதாம் பகுதியை நான் பார்க்கவில்லை. விருந்தில் பன்றித்தொடையை ஒரு பிடி பிடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். திருவிழாக் கூட்டத்தில் வால்டர் தன் தம்பி தலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறானாம். 'சுட வேண்டிய ஆள் இவன்தான்' என்று கூலிக்கொலைகாரனுக்கு அதுதான் அடையாளமாம். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, அதோடு 'தொடரும்' போட்டுவிட்டார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

7. மறுநாள் ஈஸ்டர் திங்கள். அன்று நம்மூர் போலந்துக் குடும்பங்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவது வழக்கம். சென்ற ஆண்டு தாங்களே தொப்பலாக நனைந்து நிற்கும் படம் தங்கள் நிலையச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆண்டுதோறும் செய்வதுபோல நானும் அன்றைய ஊர்வலத்தில் அவனுக்குப் பின்னால் போய் என் தம்பி தலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன்.

ஊர்வலத்தின் அக்கார்டியன் வாசிப்பு நின்றது. "சுடாதீங்க!" என்று அலறிக்கொண்டு என் தம்பி வழியில் போட்டிருந்த கொழுக்கட்டை மேசைக்கு அடியில் குப்புற விழுந்தான். அன்று விளையாட்டாக அடிப்பதற்கென்றே எல்லோரும் கையில் வைத்திருக்கும் வில்லோ மர விளாறுகளால் திருமதி பியாலெக் என்னை விளையாட்டில்லாமல் அடித்தார். பன்னிரண்டு பேர் தங்கள் நிலையத்துக்குப் போன் செய்தார்கள். தங்கள் அதிகாரி செல்வி ரெக்கோ வந்து, 'பிளாஸ்டிக் குவளை ஒன்று, ஈரமானது' என்று எழுதிக் கைப்பற்றினார்.

8. அதுவரைகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அதிகாரி என் தம்பியிடம், "உங்க அண்ணனால உங்க உயிருக்கு ஆபத்து இருக்குன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "கடைசி எபிசோட் ஞாயித்துக்கிழம வருது. அதப் பாத்துட்டுச் சொல்லட்டுமா?" என்றான்.

அம்மையீர், விளாறு அடி எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. அவன் மனைவி இறந்த ஆண்டு, சமைக்கத் தெரியாமல் அவன் வைத்த பீட்ரூட் சூப்பை முந்நூற்று அறுபத்தைந்து நாளும் முகம் சுளிக்காமல் குடித்தவன் நான். அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் அவனுக்கு?

9. அதன்மேல் இடப்பட்டதுதான் இந்தப் பதினான்கு நாள் உத்தரவு. எங்கள் கடையின் மொத்த நீளமே நாற்பது அடி. ஆகவே அவன் காலையில் வந்து இறைச்சியில் மசாலா கலந்து வைத்துவிட்டுப் பத்து மணிக்குப் போய்விடுகிறான். பத்தரைக்கு நான் வந்து குடலில் அடைத்துப் புகையில் தொங்கவிடுகிறேன். வீட்டு மாடிப்படி அவன் சமையலறை வழியாகப் போவதால் எனக்குத் தேவாலயக் கூடத்தில் மடக்குக் கட்டில்.

10. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கலந்த இறைச்சியில் ஒரு துண்டைப் பொரித்துத் தின்று பார்த்து, உப்பு சரியா என்று தெரிந்த பிறகே குடலில் அடைப்போம். தினமும் அவன் பொரித்து முள்கரண்டியில் குத்தி நீட்டுவான், நான் தின்று சொல்வேன். நேற்று நான் போனபோது மேசையில் ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. சூடு ஆறவில்லை. சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை. நான் பார்க்காமல் அவன் வைத்துவிட்டுப் போன துண்டு.

கரண்டியைக் கையில் எடுத்தேன். நான்காம் பகுதியில் ஹென்றி சாசேஜில் விஷம் வைப்பது ஞாபகம் வந்தது. எடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அரைமணி நேரம் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், தின்னவில்லை. எந்தக் கூட்டத்தின்மீது இந்தப் புகாரை எழுத நினைத்தேனோ அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு ஆள் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கக்கேடு.

11. ஆகவே நான் வேண்டுவது: அதிகாரியை அனுப்பி, ஞாயிறு மாலை தொடர் ஆரம்பிப்பதற்கு முன் என் தம்பியிடம் அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சிக்காரன் சொல்லி அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. அவனாகச் சொல்ல வேண்டும். உத்தரவையும் நீக்குங்கள். குவளையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

தட்டைப் பற்றி அவன் கேட்டால், உங்கள் அண்ணன் மிச்சம் வைக்காமல் தின்றார், உப்பு சரியாக இருந்ததாம் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். காவல்துறை பொய் சொல்லக் கூடாது என்பீர்களானால் அந்தப் பொய்யை நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு நான் நூறடிக்குள் வர வேண்டும், அம்மையீர்.

இடம்: ஸ்டெல்டன்
நாள்: 9 ஏப்ரல் 2026

தங்கள் பதிலுக்காக மேடைக்குப் பின்னால் காத்திருக்கும்,
(ஒப்பம்)
காசிமிர் டிராஸ்ட்
ஃபீலிக்ஸின் அண்ணன்